எந்தப் பெரியவர்?

சர்க்கரை, மூட்டு, மருமகள் என்று பேசிக் களைத்த பிறகு நம் வயதுக்காரர்கள் கடைசியில் தாத்தாக்களிடம் வந்து சேருகிறோம். நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஒருவருடைய தாத்தா வெள்ளைக்காரத் துரையை முகத்துக்கு நேரே திட்டியிருப்பார். இன்னொருத்தியின் தாத்தா ஓடுகிற குதிரையில் தாவி ஏறியிருப்பார். அத்தனை தாத்தாக்களும் அத்தனை வீரமாக இருந்திருந்தால் துரைமார் நம் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும், சொல்வதில்லை. என் முறை வரும்போது நான் காப்பி கலக்கப் போய்விடுவேன். என் தாத்தா யாரையும் எதிர்த்தவர் அல்ல. ஐம்பதுகளில், போடிநாயக்கனூரில், எழுபதைத் தொடும் வயதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார். அவருடைய புரட்சி அவ்வளவுதான்.

எங்கள் வீட்டின் முன்பாதி ஏலக்காய்க் கடை, பின்பாதி நாங்கள். கடையைத் தொடங்கியவர் தாத்தா. அப்பாவுக்கு மீசை முளைத்ததும் சாவிக்கொத்தை அவர் இடுப்பில் செருகிவிட்டு மலையேறப் போய்விட்டார். 'மலைக்குப் போயிட்டு வாரேன்' என்பது போடியில் எல்லோரும் சொல்லும் வாக்கியம். தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் சொல்வார்கள், கூலிக்குப் போகிறவர்கள் சொல்வார்கள், வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்கள் கொஞ்சம் உரக்கச் சொல்வார்கள். தாத்தா மலைக்குப் போவதற்காகவே மலைக்குப் போனார். குரங்கணிக்கு மேலே எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. செடி எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டால், "பச்சையா இருக்குடா" என்பார். அதற்கு மேல் தகவல் கிடைக்காது.

ஓடை ஓரமாக ஏறி, பாறையில் உட்கார்ந்து, காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்புப் பக்கம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்து, இரண்டு மூன்று நாள் கழித்து இறங்கி வருவார். அவருக்கு முன்னால் அவர் வாசனை வந்துவிடும். ஈர விறகுப் புகையும் பச்சை ஏலக்காயும் நனைந்த கம்பளியும் கலந்த வாசனை. அந்தக் காக்கி அரைக்கால் சட்டையைத் துவைப்பது எங்கள் வீட்டில் துணிச்சலான வேலை. ஒரு பையில் அட்டைக் கடிக்குத் தடவும் புகையிலைத் தூள் இருக்கும். ஒன்றில் முள்ளம்பன்றி முள். ஒன்றில் எனக்காகக் காட்டு நெல்லி. ஒரு முறை ஓடை நண்டு ஒன்று உயிரோடு இருந்து அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டது.

"மாமா, பையில என்ன இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடக் கூடாதா?"

"அது எனக்கே தெரியாதே தாயி" என்றார் தாத்தா.

என்னை ஒரு தடவை கூட்டிப் போனார். 'பொட்டப்புள்ளையக் காட்டுக்கா' என்று அம்மா வாசலை மறித்து நின்றும் நடந்தது. குரங்கணி வரை ஜீப்பு, அதற்கு மேல் அவர் தோள். பாதி வழியில் என் காலில் அட்டை ஏறிப் பருத்துத் தானாக விழுந்தது. நான் அழவில்லை. எப்போது ஏறியது என்று தெரிந்திருந்தால் அழுதிருப்பேன். மூங்கில் புதர் ஒன்று முறிந்து கிடந்த இடத்தில், "தாத்தா, இங்க ஆனை இருக்குமா?" என்று கேட்டேன். புகையிலை மணக்கும் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது.

"பேரச் சொல்லக் கூடாது ஆத்தா. பெரியவருன்னு சொல்லு. பேரச் சொன்னா, நம்மளத்தான் கூப்புடுறாங்கன்னு வந்துருவாரு."

மலையில் எல்லோருக்கும் இந்த வழக்கம் உண்டு. தாத்தா அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பெரியவர் வேலியைப் பிய்த்தார், பெரியவர் தேவாரம் ஊர்ப் பக்கம் கரும்புக்குள் புகுந்தார் என்றுதான் பேச்சு. சிக்கல் என்னவென்றால் கடை ஆட்கள் அப்பாவைச் 'சின்னவர்' என்றும் தாத்தாவைப் 'பெரியவர்' என்றும்தான் அழைத்தார்கள். அதனால் பெரியவர் என்று யார் வாயெடுத்தாலும், "எந்தப் பெரியவரு? நம்ம பெரியவரா, மலைப் பெரியவரா?" என்று அம்மா கேட்பாள். வேலியைப் பிய்க்கிறவர், கரும்புக்குள் புகுகிறவர் என்றால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி.

இதனால் பள்ளிக்கூடத்தில் என் மானம் போனது. வாத்தியார் சமவெளிக்காரர், அந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். படத்தில் பிரம்பை வைத்து, 'யா' வரிசையில் இது என்ன என்றார். முன்பல் இரண்டும் இல்லாத நான் எழுந்து, "பெரியவர்" என்றேன். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னேன். சாயங்காலம் அவரே கடைக்கு வந்து, "உங்க பொண்ணு யானையைப் பெரியவர்ங்குது" என்று அப்பாவிடம் முறையிட்டார். உள்ளே மூட்டை மேல் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்த தாத்தா, "சரியாத்தான சொல்லிருக்கா" என்றார். வாத்தியார் அவரையும் படத்தையும் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

இனி வருவது ஒரே ஒரு ஐப்பசி.

அந்த வருடம் தாத்தாவின் கண்ணில் புரை விழுந்திருந்தது. ஒரு நாள் கடைக்குள் வந்து தராசுக் கம்பத்தைப் பார்த்து, "வாங்க மாப்ளே, எப்ப வந்தீக?" என்றார். எங்கள் மாமா ஒருவர் அதே உயரம், அதே நிறம், பேச்சும் அதே அளவு என்பதால் நான் தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா சொன்னார்.

"அய்யா, கண்ணு சுத்தமாத் தெரியலை. இனி மலை வேண்டாம்."

"நடக்குறது காலுடா. கண்ணு சும்மா கூட வருது."

அப்பா வாதாடவில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவரிடம் தாத்தா வாங்கிய பூட்ஸ் ஒன்று உண்டு. மலைக்காரர்கள் தாத்தாவைப் 'பூட்ஸய்யா' என்றே கூப்பிடுவார்கள். அந்த பூட்ஸை எடுத்துக் கடையின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பூட்ஸ் இல்லாமல் போக மாட்டார் என்று கணக்கு. வெள்ளிக்கிழமை வந்தது. இரும்புப் பெட்டியைத் திறந்து சந்தனம் வைத்துச் சாம்பிராணி காட்டுவது எங்கள் கடையின் கணக்கப்பிள்ளை. பக்தியில் கண்ணை மூடிக்கொண்டு பூட்ஸுக்கும் சேர்த்துப் புகை போட்டார். பெஞ்சில் இருந்த தாத்தா, "அதுக்கும் ஒரு பொட்டு வைய்யா, எம்புட்டு நடந்துருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அதன்பின் அவர் கடையிலேயே இருந்தார். புது மூட்டை அவிழ்க்கும்போது மட்டும் எழுந்து போய் அதன் வாய்க்குள் முகத்தை வைத்து மூச்சை இழுப்பார். வாங்க வந்த வியாபாரிகள் அவரைத் தரம் பார்க்கும் நிபுணர் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் காத்திருப்பார்கள்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் அப்பாவின் புதுச் செருப்பைக் காணவில்லை. தாத்தாவையும் காணவில்லை. மதுரையில் வாங்கிய, நடந்தால் கிறீச்சிடும் செருப்பு. தெருவில் அது கிறீச்சிட்டுக்கொண்டு போனதை அம்மா கேட்டிருக்கிறாள், அப்பாதான் எங்கோ போகிறார் என்று நினைத்துக்கொண்டு மாவாட்டியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே மலை கறுத்தது. பிறகு கொட்டியது. வழக்கமாக இறங்கி வரும் நாள் போய், அதற்கு மறுநாளும் போனது. குரங்கணியில் ஆறு ஏறிவிட்டதாகவும் பாதை ஓரிடத்தில் சரிந்துவிட்டதாகவும் தகவல் வந்தது. அப்பா கடையைச் சாத்தினார். எங்கள் கடை சாவுக்கும் சாத்தாத கடை. ஜீப்பு பிடித்து, கடை ஆட்களையும் குரங்கணியிலிருந்து மலைக்காரர் இரண்டு பேரையும் மேலே அனுப்பிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்து, வீட்டுக்குள் வராமல் கடைப் படியில் நின்றார். அம்மா சோறு போட்டு வைத்தாள். யாரும் உண்ணவில்லை. மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியதும் அப்பா அதைப் பார்த்து, "இப்ப அடிச்சு என்ன" என்று வெயிலிடம் கோபித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் கணக்கப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து உள்ளே ஓடி வந்தார். மேல் தோட்டங்களிலிருந்து கழுதை மேல் ஏலக்காய் லோடு கொண்டுவருகிற கழுதைக்காரர் வேறு வழியாக அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அவரிடம் கணக்கப்பிள்ளை கேட்டிருக்கிறார், "வர்ற வழியில பெரியவரப் பாத்தியாப்பா?" பார்த்தேன் என்றிருக்கிறார் கழுதைக்காரர்.

"எறங்கிட்டாராம் சின்னவரே. குரங்கணிக்குக் கீழ வாழத்தோப்புல நிக்காராம். ஒத்தையில. ஒரு காலு லேசா நொண்டுதாம். ரொம்பக் கோவமா இருக்காராம், யாரும் கிட்ட வந்துராதீகன்னு சொல்லிவிட்டாரு."

உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. அப்பா படியிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "கோவம் இருக்கும்யா. இருக்கத்தான செய்யும்" என்றார். குரங்கணிக்கு ஆள் ஓடியது. பெரியவர் கிடைத்துவிட்டார், தேடப் போனவர்களெல்லாம் இறங்கிவிடுங்கள்.

அம்மா மட்டும் ஒன்று கேட்டாள். "ஏதாச்சும் சாப்புட்டாகளாமா?"

"நல்லாச் சாப்புட்டிருக்காராம். வாழத்தோப்புல பாதி காலியாம்."

"மாமா வாழப்பழம் தொடமாட்டாகளே. கபம் கட்டும்பாகளே."

"பசியில எதையும் திம்பாகம்மா" என்றார் அப்பா. அவ்வளவுதான். நாள் தவறாமல் கேட்ட அந்தக் கேள்வியை, நம்ம பெரியவரா மலைப் பெரியவரா என்பதை, அன்று அம்மா கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம் எங்களுக்கு அடியில் எங்கோ இருந்திருக்கலாம். அல்லது சந்தோஷத்தில் மறந்திருக்கலாம். வயதாக ஆக எனக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது.

அன்று பாயசம் வைத்தார்கள். ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் இருக்காது, அது விற்கிற சரக்கு. அன்று அப்பா கை நிறைய அள்ளிக் கொடுத்தார். தேடப் போனவர்கள் திரும்பி வந்து முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து குடித்தார்கள். கோபம் ஆறட்டும், காலையில் போய்க் கூட்டி வரலாம் என்று முடிவானது. தான் போனால் இன்னும் கோபம் வரும் என்று அப்பா தயங்கினார். கணக்கப்பிள்ளை போவதாகவும், சமாதானமாக பூட்ஸையும் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் ஏற்பாடு. நான் இரண்டு தம்ளர் குடித்தேன். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட பாயசம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காலையில் நடந்ததை ஜீப்பு டிரைவர் வாயால் போடி முழுக்கக் கேட்டது. கணக்கப்பிள்ளை தோப்பு ஓரத்தில் நின்று, இரண்டு கையிலும் பூட்ஸை ஏந்திக்கொண்டு, "பெரியவரே, சின்னவரு ரொம்ப வருத்தப்படுறாரு. பூட்ஸக் குடுத்துவிட்டிருக்காரு. கோவத்த விட்டுட்டு வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். வாழை இலைகளுக்கு நடுவே ஏதோ அகலமாக அசைந்திருக்கிறது. பெரியவர் துண்டை வீசிக் காட்டுகிறார் என்று நினைத்து இன்னும் நாலடி முன்னால் போயிருக்கிறார். அசைந்தது காது. பிறகு பூட்ஸ் ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம், கணக்கப்பிள்ளை ஒரு பக்கம்.

ஊர் சிரித்தது. இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் யாரும் சிரிப்பார்கள். நானும் பல கல்யாண வீடுகளில் இதே இடத்தில் நிறுத்திச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

வேட்டிக்குப் பதில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்து நின்ற கணக்கப்பிள்ளையைப் பார்த்த அப்பா சிரிக்கவில்லை. கழுதைக்காரரைத் தேடிப் பிடித்தார். அந்த மனுஷருக்கு ஒன்றும் புரியவில்லை.

"பெரியவரு நிக்காரு, யாரும் கிட்டப் போயிராதீகன்னு வெவரமாத்தான சொன்னேன் மொதலாளி. ஆளாளுக்கு அந்தப் பக்கம் வண்டி ஓட்டுவாகளே, சொல்லிவைப்போமேன்னு."

"எங்கய்யா எங்கன்னுதானப்பா கேட்டோம்."

"பூட்ஸய்யாவா? அவரக் காணோமா?" என்றார் கழுதைக்காரர். அவருக்குத் தாத்தா பூட்ஸய்யாதான். பெரியவர் என்றால் மலையில் ஒரே பெரியவர்தான்.

அதற்குள் மழை திரும்ப வந்துவிட்டது. ஆற்றைக் கடக்க முடியாமல் அப்பா கரையில் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்து, "அய்யா, அய்யா" என்று கூப்பிட்டதாக ஆட்கள் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் மலை மட்டும் இருந்தது. மறுநாள் ஆறு இறங்கியபோது, முன்பு தேடப் போன மலைக்காரர்களே முன்னால் நடந்து, நேராக ஒரு பாறை இடுக்குக்குப் போனார்கள். தாத்தா அங்கே இருந்தார். புதுச் செருப்பு ஈரப் பாறையில் வழுக்கி, தொடை எலும்பு முறிந்து, நகர முடியாமல். உயிர் இருந்தது.

அவர்களால் நேராகப் போக முடிந்ததற்குக் காரணம் இருந்தது. முதல் தடவையே அந்தப் பக்கம் கல்லைத் தட்டும் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. காட்டில் வாய்விட்டுக் கத்துவது தாத்தாவுக்கு வழக்கமில்லை. மலைப் பெரியவர் காதில் விழும். அதனால் கல்லை எடுத்துப் பாறையில் தட்டியிருக்கிறார். அதை நோக்கித் திரும்பும் நேரத்தில்தான் கீழேயிருந்து ஆள் வந்து, "கெடச்சிட்டாரு, எறங்குங்க" என்று கூவியிருக்கிறான். யாரோ விறகுக்காரன் தட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு, கடை ஆட்களோடு சேர்ந்து சந்தோஷமாக இறங்கிவிட்டார்கள்.

கம்பளியில் டோலி கட்டித் தூக்கி வந்து பின்னறையில் படுக்க வைத்தார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவை வெளியே கூட்டிப் போய்ப் பேசினார். சாயங்காலம் தாத்தாவுக்கு நினைவு தெளிந்தது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் நின்றேன்.

"டேய்" என்றார். அப்பா குனிந்தார்.

"கல்லத் தட்டிக்கிட்டே கெடந்தேன்டா. ஆளுக பேச்சுக் கேட்டுச்சு. ரொம்பக் கிட்ட. பெறகு சிரிச்சுக்கிட்டே எறங்கிப் போயிட்டாங்க. ஏன்டா எறங்குனாங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா விளக்கைப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த கணக்கப்பிள்ளை மெதுவாக நகர்ந்து போய்விட்டார்.

"மழைய்யா. ஆறு ஏறிருச்சு."

"அப்ப மழை இல்லையேடா. வெயிலுல்ல அடிச்சுச்சு."

"இல்லய்யா. மழைதான்."

புரை விழுந்த கண்கள் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தன. பிறகு தாத்தா சொன்னார்.

"சரிங்க."

பெற்ற மகனை எந்தத் தகப்பனும் எங்கள் பக்கம் அப்படி அழைப்பதில்லை. பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாதவரிடம் சொல்கிற வார்த்தை அது. அப்பாவுக்கு முதலில் அது காதில் சரியாக விழவில்லை என்று நினைக்கிறேன். அடுத்து, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டபோது விழுந்துவிட்டது. என்னை அவர் ஆத்தா என்றுதான் அழைத்தார், அம்மாவைத் தாயி என்றுதான். அப்பாவுக்கு மட்டும் இந்த மரியாதை.

அடுப்படியில் அம்மா கெஞ்சினாள். "உள்ளதச் சொல்லிருங்களேன்."

"என்னன்னு சொல்ல? நீங்க அங்க கெடக்கையில நாங்க இங்க பெரியவரு எறங்கிட்டாருன்னு பாயசம் குடிச்சோம்னா? எந்தப் பெரியவருன்னு கேக்க ஒருத்தருக்கும் தோணலைன்னா? எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல?" என்ற அப்பா, வெளியே போகும்போது, "தெம்பு வரட்டும், சொல்லுவோம்" என்றார்.

அப்பாவை விட இப்போது எனக்கு வயது அதிகம். இந்த வயதிலிருந்து பார்க்கும்போது அவரை உலுக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த வீட்டிலேயே, ஏன் அந்த ஊரிலேயே, அந்தத் தவறைக் கேட்டு முழுதாக மன்னிக்கக்கூடியவர் ஒருவர்தான். அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். கணக்கப்பிள்ளை பூட்ஸை நீட்டிய இடத்தில் எலும்பு முறிந்ததையும் மறந்து சிரித்திருப்பார். அது போதும் அவருக்கு. தேட அனுப்பிய ஆட்களை மகன் கோபத்தில் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டான் என்று நினைத்தபடி படுத்திருந்த மனிதருக்கு, எங்களிடம் இருந்த ஒரே மருந்து அந்தக் கேவலமான கதைதான். வெட்கத்தில் அதை நாங்கள் கொடுக்கவில்லை.

சில நாட்கள் அப்படியே போயின. "விளக்கக் கொஞ்சம் தள்ளி வைங்க." "கதவச் சாத்துங்க." ஒவ்வொன்றையும் அப்பா ஓடி ஓடிச் செய்தார். ஒரு காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். சொல்லப் போகிறார் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அய்யா, ஒரு விசயம். அன்னைக்கு ஆளுக ஏன் எறங்குனாங்கன்னா..."

தாத்தா கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. குரலில் கோபமும் இல்லை.

"இருக்கட்டுங்க. ஒங்களுக்கு எதுக்குச் செரமம். போயி ஒங்க சோலியப் பாருங்க."

அப்பா எழுந்தார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி கடைக்குப் போய், கதவைக்கூடத் திறக்காமல், தராசை எடுத்து வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். மத்தியானம் தாத்தாவின் மூச்சு நின்றதைச் சொல்லக் கணக்கப்பிள்ளை போய்த் தோளைத் தொட்டபோதும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.